முந்திச் செல்வதும் காத்திருப்பதும்

நண்பர்கள் கூடி மேற்கொள்ளும் நெடும்பயணம் ஒரு கேள்வியைத் தவறாமல் எழுப்புகிறது. உடல் வலிமை எல்லோருக்கும் ஒரே அளவாக அமைவதில்லை. ஒருவன் விரைந்து செல்கிறான், மற்றொருவன் பின்தங்குகிறான். விரைந்து செல்லக்கூடியவன் பின்தங்கியவனுக்காக நிற்க வேண்டுமா? நிற்பது கடமையா, கருணையா, அல்லது வெறும் மரியாதையா? பேருந்திலும் ரயிலிலும் செல்வோர்க்கு இக்கேள்வி எழுவதில்லை. அங்கே எல்லோரையும் ஓர் இயந்திரமே சுமந்து செல்கிறது. ஒவ்வொருவரும் தம் கால்களின் வலிமையாலேயே முன்னேற வேண்டிய சைக்கிள் பயணத்திலோ, முதல் நாளே அது எதிரே வந்து நிற்கிறது.

பாலக்காட்டிலிருந்து மூணாறுக்குச் செல்லும் கிழக்கு வழியை எடுத்துக்கொள்வோம். இரண்டு ஊர்களும் கேரளத்தில் இருப்பவையே. ஆயினும் இடையில் ஆனைமலைத் தொடர் குறுக்கிடுவதால், இவ்வழி பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை எனத் தமிழ்நாட்டுச் சமவெளியைச் சுற்றிக்கொண்டு செல்கிறது. பிறகு சின்னாறு சோதனைச் சாவடியில் மீண்டும் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துக்குள் நுழைந்து, மறையூர் வழியாக மூணாறுக்கு ஏறுகிறது. கூடாரத்தையும் துணிமணிகளையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு இவ்வழியே புறப்படும் நண்பர்களுக்கு, இந்த ஒரே பயணம் இரண்டு வேறுபட்ட பாடங்களைப் போதிக்கிறது.

முதல் பாடம் காற்றினுடையது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மிகப் பெரிய இடைவெளி பாலக்காட்டுக் கணவாய். சுமார் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலமுடையது. தென்மேற்குப் பருவக்காற்று இதன் வழியே கிழக்கு நோக்கி வீசுகிறது. மார்கழி, தை மாதங்களிலோ வறண்ட காற்று கிழக்கிலிருந்து மேற்கே பாய்கிறது. அம்மாதங்களில் பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி நோக்கிச் செல்பவர்கள் எதிர்க்காற்றை நெஞ்சில் தாங்கியே சைக்கிளை மிதிக்க வேண்டும். அப்போது திடகாத்திரமான ஒருவன் முன்னே சென்று காற்றைக் கிழிக்கிறான். அவனை ஒட்டிப் பின்தொடர்பவர்களுக்கு உழைப்பில் கணிசமான பகுதி மிச்சமாகிறது. முன்னவன் களைத்ததும் விலகிக்கொள்ள, அடுத்தவன் அவ்விடத்தை ஏற்கிறான். இங்கே வலிமையைப் பகிர்ந்துகொள்ள முடிகிறது.

இரண்டாம் பாடம் மலையினுடையது. சின்னாற்றைக் கடந்து ஏற்றம் தொடங்கியதும் வேகம், நடப்பவனின் வேகத்தைவிடச் சற்றே கூடுதலாகக் குறைந்துவிடுகிறது. அவ்வளவு மெல்லச் செல்பவனைக் காற்று அதிகம் தடுப்பதில்லை. தடுப்பது அவனுடைய சொந்த எடையே. சமவெளியிலிருந்து ஆயிரம் மீட்டருக்கும் மேலான உயரத்துக்கு ஒவ்வொருவனும் தன்னைத் தானே தூக்கிச் செல்ல வேண்டும். இங்கே ஒருவன் முன்னே செல்வதால் பின்னே வருபவனுக்குப் பயனேதும் இல்லை. கால்களை இரவல் கொடுக்க முடியாது. கொடுக்கக்கூடியது ஒன்றுதான்: நேரம். அதாவது, காத்திருத்தல்.

இங்கே நுட்பமான ஒரு மாற்றமும் நிகழ்கிறது. சமவெளியில் காற்றைத் தாங்கியவன் உடல் கனத்தவன். அந்தக் கனமே ஏற்றத்தில் அவனைப் பின்னுக்கு இழுக்கிறது. அவனுடைய முதுகின் மறைவில் சுகமாக வந்த மெலிந்த நண்பனோ இப்போது எளிதாக முந்திச் செல்கிறான். வளைவில் நின்று அவனுக்காகக் காத்திருக்கும்போது, தான் பெருந்தன்மையோடு நடந்துகொள்வதாக இவன் எண்ணக்கூடும். உண்மையில் இவன் செய்வது, காலையில் வாங்கிய கடனை மாலையில் திருப்பிக் கொடுப்பதே. மனிதர் கருணை என்று கருதிச் செய்யும் காரியங்களுள் பல, மறந்துபோன கடன்களின் தவணைகளே.

அப்படியானால், நமக்கு எதையும் செய்திராதவனுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லையா? இதற்கு மகாபாரதத்தில் விடை உண்டு. பாண்டவர்கள் நாட்டைத் துறந்து வடக்கு நோக்கி நடந்தபோது திரௌபதியும், பின் சகாதேவன், நகுலன், அர்ஜுனன், பீமன் ஆகியோரும் ஒருவர்பின் ஒருவராக வீழ்ந்தனர். யுதிஷ்டிரர் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். ஆனால் இந்திரன் தேருடன் வந்து, உடன் வந்த நாயை விட்டுவிட்டு ஏறும்படி அழைத்தபோது அவர் மறுத்தார். தம்பியரையே விட்டு வந்தவர் நாயை விடலாகாதா என்று இந்திரன் கேட்டான். உயிரோடு இருந்தவரை அவர்களைத் தாம் கைவிடவில்லை என்றும், இறந்தவர்களை மீட்பது தம் கையில் இல்லை என்றும், உயிரோடு தம்மை அண்டி வந்ததைக் கைவிடுவது பாவம் என்றும் அவர் விளக்கினார். அந்த நாய் யுதிஷ்டிரருக்கு உதவி எதுவும் செய்திருக்கவில்லை. நம்பி உடன் வந்தது, அவ்வளவே. தர்மம் அந்த நம்பிக்கையையே கணக்கில் கொண்டது.

எனவே காத்திருப்பதன் அடிப்படை கருணையும் அன்று, கைம்மாறும் அன்று. நம்பி வந்தவர்க்கு உரியதைச் செய்தல். காட்டுப் பாதையில் இது வெறும் தத்துவமாக நின்றுவிடுவதில்லை. 1984-இல் அறிவிக்கப்பட்ட சின்னாறு வனவிலங்குச் சரணாலயத்தின் ஊடே அந்தச் சாலை செல்கிறது. யானைகளும் காட்டெருமைகளும் உலவும் இடம் அது. நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்க முடியாது. வனத்துறையின் அனுமதி வேண்டும். மாலை மயங்கும் வேளையில் களைத்த ஒருவனை அங்கே தனியே விட்டு முன்னேறுபவன், அவனுடைய உயிரையே தற்செயலின் கையில் விடுகிறான். 2018 மார்ச் மாதத்தில், இதே இடுக்கி எல்லையை ஒட்டிய தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் பரவிய தீ, மலையேறச் சென்ற 20-க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. மலையும் காடும் மனிதரின் கவனக்குறைவை எப்போதும் மன்னிப்பதில்லை.

வலியவன் எப்போதும் தன் வேகத்தை அடக்கிக்கொண்டே செல்ல வேண்டுமா என்ற கேள்வியும் நியாயமானதே. வேண்டியதில்லை. இன்ன இடத்தில் சேர்வோம் என்று முன்னரே பேசிவைத்து, ஆபத்தில்லாத பகுதிகளில் அதுவரை தன் முழு ஆற்றலோடு ஏறி மகிழ்வது அவன் உரிமை. பிரிந்து செல்வது வேறு, கைவிடுவது வேறு. சொன்ன இடத்தில் நிற்பவன் முந்திச் சென்றாலும் உடன் இருப்பவனே.

ஆனால் காத்திருப்பதிலும் அகங்காரம் நுழையும். முந்திச் சென்றவன் தேநீர் அருந்தி, அரை மணி நேரம் நிழலில் அமர்ந்திருக்கிறான். நண்பன் மூச்சிரைக்க வந்து சேர்ந்த அந்தக் கணமே, “சரி, கிளம்பலாமா?” என்று எழுகிறான். ஓய்வு தேவைப்படாதவனுக்கு ஓய்வு கிடைத்தது, தேவைப்பட்டவனுக்குக் கிடைக்கவில்லை. தான் காத்திருந்த நிமிடங்களை எண்ணிக்கொண்டிருப்பவன் நண்பனுக்காகக் காத்திருக்கவில்லை. தன் பொறுமையைப் பாராட்டிக்கொண்டிருக்கிறான். நண்பன் வந்து சேர்ந்த பிறகே உண்மையான காத்திருப்பு தொடங்குகிறது.

பின்தங்குபவனுக்கும் தர்மம் உண்டு. களைப்பை மறைக்காமல் சொல்வதே அது. வெட்கத்தால் தன்னை வருத்திக்கொண்டு, இறுதியில் எல்லோரையும் ஆபத்தில் சிக்கவைப்பது வீரம் ஆகாது. 1923 அக்டோபரில் உலகைச் சுற்றிவர பம்பாயிலிருந்து சைக்கிளில் புறப்பட்ட பார்சி இளைஞர்கள் அறுவர். 1928-இல் சுற்றை முடித்துத் திரும்பியவர்கள் அதி ஹக்கீம், ஜால் பாபாசோலா, ரஸ்தம் பும்காரா ஆகிய மூவரே. மற்ற மூவர் வழியில் பிரிந்தனர். நெடும்பயணத்தில் பிரிவும் நேரலாம். ‘இதற்குமேல் என்னால் இயலாது’ என்று நேர்மையாகச் சொல்லிப் பிரிவது நட்புக்கு இழுக்காகாது. உதவியைத் தாழ்வு மனப்பான்மையின்றி ஏற்பதும் ஒரு சாதனையே.

குடும்பமும் இத்தகைய பயணம்தான். ஒரு காலத்தில் முன்னே நின்று காற்றைத் தாங்கிய தந்தை, முதுமையின் ஏற்றத்தில் மெல்ல வருகிறார். இன்னும் எதையும் தாங்கியிராத குழந்தை, நம்பிக்கை ஒன்றையே துணையாகக் கொண்டு பின்தொடர்கிறது. இருவருக்காகவும் நிற்கத் தெரிந்தவனுக்கு ஊர் போய்ச் சேரச் சற்றுத் தாமதமாகலாம். ஆனால் சேரும்போது அவன் தனியாக இருக்க மாட்டான்.