கையிருப்பும் பதுக்கலும்



வியாபாரி ஒருவன் அரிசி மூட்டைகளைக் கடையின் பின்கட்டில் வைத்திருக்கிறான். அது கையிருப்பா, பதுக்கலா? மூட்டையைப் பார்த்து யாரும் சொல்லிவிட முடியாது. இந்தக் கேள்வி எனக்குக் கிதாபில் வரவில்லை. 2020-ம் ஆண்டு மார்ச் மாதத்தில் கல்லாப் பெட்டிக்கு முன்னால் வந்து நின்றது.

மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாடு என்று 16-ந் தேதி இரவு பிரதமர் அறிவித்தார். மறுநாள் செரண்டாவில் நான் கடை திறக்குமுன்பே கூட்டம். கையில் ரொக்கம் இருந்தவர்கள் நாலைந்து மூட்டையாகக் கேட்டார்கள். கொடுத்திருந்தால் நண்பகலுக்குள் சரக்குத் தீர்ந்து நல்ல லாபம் கிடைத்திருக்கும். ஆனால், தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் உழைப்பவர்களுக்குச் சம்பளம் மாதக் கடைசியில்தானே! அவர்கள் வரும்போது அரிசி இருக்காது. ஆகவே குடும்பத்துக்கு ஐந்து கிலோ என்று அளவு வைத்தேன். "விற்கத்தானே கடை வைத்திருக்கிறீர், பாய்?" என்று ஒரு பெரியவர் கோபித்துக்கொண்டார்.

விலை ஏறட்டும் என்று மக்களின் உணவை மறைத்து வைப்பது பாவம் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். செழிப்பான ஏழு ஆண்டுகளின் தானியத்தைக் கதிரோடு சேமிக்கச் சொன்ன யூசுப் நபி (அலை) அவர்களின் சரித்திரமும் நம் வேதத்தில்தான் இருக்கிறது. வெளிப்பார்வைக்கு இரண்டும் சேர்த்து வைத்தலே. பதுக்குகிறவன் பஞ்சத்தில் விற்கச் சேர்க்கிறான். யூசுப் நபியோ பஞ்சத்தில் பங்கிடச் சேர்த்தார்கள். "ரிஸ்கு அல்லாஹ்விடம் இருக்கிறது, நமக்கேன் கணக்கு?" என்போருக்கும் இதுவே பதில். நபியே கணக்குப் பார்த்திருக்கிறார்கள்.

அந்த இரண்டு வருஷங்கள் இன்னொன்றையும் கற்பித்தன. உபரி இல்லாமல் நடத்துவதே கெட்டிக்காரத்தனம் என்று எண்ணியிருந்தோம். கடையில் உபரிச் சரக்கு இல்லை. தொழிலாளர் விடுதியில் உபரி அறை இல்லை. ஆஸ்பத்திரியில் உபரிக் கட்டில் இல்லை. நல்ல காலத்தில் மூன்றும் மிச்சமே. 2020 நவம்பரில் கிள்ளான் வட்டாரத்துக் கையுறைத் தொழிற்சாலை விடுதிகளில் நெருங்கிப் படுத்திருந்தவர்களிடையே நோய் பரவி, ஆயிரக்கணக்கானோரைப் பிடித்தது. 2021 ஜூலையில் கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குக் கட்டில் போதவில்லை. ஓரிடத்தில் மிச்சம் பிடித்தது இன்னோரிடத்தில் கடனாகி வந்து நிற்கிறது.

பசியும் அப்படித்தான். வீட்டில் அரிசி இல்லாத நாட்கூலிக்காரன் காய்ச்சலை மறைத்துக்கொண்டு வேலைக்குப் போவான். பஸ்ஸில் ஏறுவான், என் கடைக்கும் வருவான். அவன் வீட்டில் அடுப்பெரிவது என் பிள்ளைகளுக்கும் காவல். 2021 ஜூன் இறுதியில், உணவில்லாத வீட்டார் வெள்ளைக்கொடி கட்டலாம் என்ற பேச்சு நாடெங்கும் பரவியது. கொடி கண்ட வீடுகளுக்கு அக்கம்பக்கத்தார் இனம் பாராமல் சாமான் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அதுவும் ஒரு கையிருப்புத்தான். மூட்டையில் இல்லை, மனிதர்களிடம் இருந்தது.

"உபரி என்பது முடங்கிய முதல், வாடகையும் வங்கிக் கடனும் யார் கட்டுவது?" என்று சகோதரர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்நாளில் நான் கொடுத்த பற்றில் இன்றும் வராத பாக்கி உண்டு. நஷ்டக் கணக்கில் எழுதிவிட்டேன். எல்லாருக்கும் கடன் கொடுத்து நானே கடையை மூடியிருந்தால், அந்தத் தெருவுக்கு அரிசி ஏது? தனியொருவன் தாங்கக்கூடிய சுமை அல்ல இது. பத்துக் கடைக்காரர்கள் ஆளுக்கு இரண்டு மூட்டையைத் தொடாமல் வைத்து, பழையதை விற்றுப் புதியதைப் போட்டு வந்தால் இருபது மூட்டை. நஷ்டம் வந்தால் ஜமாஅத் பகிர்ந்து கொள்ளலாம்.

அடுத்த நோய் எப்போது வரும் என்பதை அல்லாஹ்வே அறிவான். அது வரும் நாளில் அளவு வைத்தால் கோபம்தான் மிஞ்சும். இன்றே பேசி வைத்தால் ஒப்பந்தமாகும். அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுவோம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.