பத்தொன்பது ஊருக்கு ஒரு விமானம்

கம்போடியாவின் சியெம் ரீப் விடுதியிலிருந்து கிளம்பியது விடிகாலை 5 மணிக்கு. கும்பகோணத்தில் என் வீட்டுப் பூட்டைத் திறந்தபோது நள்ளிரவு தாண்டி மணி 1. நடுவில் கடிகாரம் ஆடிய கூத்து தனி. கம்போடியா நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, மலேசியா அதற்கும் ஒரு மணி நேரம் முன்னால். ஊருக்குத் திரும்புகிறோம் என்று கோலாலம்பூரில் இறங்கினால், நேரம் ஊரைவிட்டு இன்னும் தள்ளிப் போயிருந்தது. அங்கே இரவு 8 மணிக்கு ஏறி நாலு மணி நேரம் பறந்து திருச்சியில் இறங்கியபோது மணி 9.30தான். இந்தச் சலுகை முழங்காலுக்கு மட்டும் தெரியவில்லை.

சுற்றுலா போன நாங்கள் 19 பேர். தஞ்சாவூரிலிருந்து மயிலாடுதுறை வரை அங்கங்கே பொறுக்கிச் சேர்த்த கூட்டம். முன்பின் அறியாதவர்கள் இரண்டாம் நாளே பெரியப்பா, அக்கா, தம்பி ஆகிவிட்டோம். அங்கோர் வாட்டின் கிழக்குப் பிராகாரத்தில் பாற்கடல் கடையும் சிற்பம் ஏறக்குறைய 49 மீட்டருக்கு நீள்கிறது. ஒரு பக்கம் 88 தேவர்கள், மறுபக்கம் 92 அசுரர்கள், நடுவே வாசுகி. அதன் முன்னால் நின்று, எங்களில் யார் யார் எந்தப் பக்கம் என்று பிரித்து அரை மணி நேரம் சிரித்தோம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தானாகவே முன்வந்து அசுரர் பக்கம் சேர்ந்துகொண்டார்.

அதே தலைமையாசிரியர்தான் கோலாலம்பூர் விமான நிலையத்தில், பொதுப் பணத்தில் வாங்கிய தண்ணீர் பாட்டிலுக்காகக் கத்தினார்.

அடுத்த விமானத்துக்கு எட்டு மணி நேரம் இருந்தது. எல்லாரும் ஒன்றாக இருந்து செய்வதற்கு ஒன்றுமில்லாத எட்டு மணி நேரம். பொதுப் பணக் கணக்கு நோட்டை விரித்தார்கள். கம்போடியாவில் டாலரும் செல்லும், சில்லறையை மட்டும் ரியெலில் தருவார்கள். ஒரு டாலருக்குச் சுமார் 4,000 ரியெல். மிஞ்சிய ரியெல் தாள்களை வெளியே எளிதில் மாற்ற முடியாது என்று தெரிந்தும், தலைக்கு இத்தனை என்று பங்கு பிரித்தார்கள். பெரிய தாளை வாங்கிக்கொண்டவர் சில்லறைக்குக் கடன்பட்டார். முதல் நாள் தன் புளியோதரையை ஊருக்கே பந்தி வைத்த அம்மாள், இப்போது ஊறுகாய் பாட்டிலை யார் தீர்த்தது என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

போகும் வழியைவிடத் திரும்பும் வழி சுருக்கமாகத் தோன்றும் என்பது எல்லாரும் சொல்வதுதான். நீல்ஸ் வான் டி வென் என்ற டச்சு உளவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் 2011-இல் அதை ஆய்வாகவே வெளியிட்டார்கள். போகும்போது நினைத்ததைவிட நேரம் இழுத்துவிடுகிறதாம். திரும்பும் வழியும் அப்படித்தான் இழுக்கும் என்று மனம் தயாராகிவிடுவதால், அது சீக்கிரம் முடிந்ததுபோல் இருக்கிறதாம். இருக்கலாம். அவரை எங்களோடு அந்த எட்டு மணி நேரம் உட்கார வைத்திருக்க வேண்டும்.

களைப்பு, தூக்கமின்மை எல்லாம் உண்மைதான். ஆனால் அந்தச் சண்டைகளுக்கு அது மட்டும் காரணமாக எனக்குப் படவில்லை. போகும்போது 19 பேரும் ஓர் ஊருக்குப் போனோம். திரும்பும்போது ஒரே விமானத்தில் 19 ஊருக்குப் போகிறோம். ஒருவருக்கு மருமகளோடு பாதியில் விட்ட பேச்சு, ஒருவருக்கு ஆஸ்பத்திரியில் வாங்க வேண்டிய ரிப்போர்ட், இன்னொருவருக்குத் தண்ணீர் ஊற்றாமல் காய்ந்த துளசி. ஆள் பக்கத்தில் இருக்கிறார், மனசு வாசல்படி ஏறிவிட்டது. வீட்டில் நாம் எப்படியோ அப்படி மாறுவதற்கு ஒத்திகை பார்க்கிறோம். தலைமையாசிரியர் கத்தியது எங்களைப் பார்த்து அல்ல என்றே நினைக்கிறேன்.

எனக்கு அறைத்துணை மயிலாடுதுறை அக்கா. கணவர் இறந்து நாலு வருஷம், பிள்ளை வெளிநாட்டில். என் பிரஷர் மாத்திரை நேரம் என்னைவிட அவருக்குத் தெரியும். என் தங்கையிடம்கூடச் சொல்லாத இரண்டு விஷயங்களை அவரிடம் சொல்லியிருக்கிறேன். "ரயில் சிநேகம்தானே" என்று கேட்கத் தோன்றும். நாம் அந்தச் சொல்லை இளப்பமாகவே சொல்லிப் பழகிவிட்டோம். நாளைக்கு முகத்தில் விழிக்க வேண்டியதில்லை என்பதால்தான் சில விஷயங்கள் வாயில் வருகின்றன. அப்படி வருவது பொய்யாகிவிடுமா என்ன? உறவுக்காரர்களிடம் நாம் பேசுவதெல்லாம் நிஜம் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது.

திருச்சி விமானத்தில் பாதிக்கு மேல் வேலைக்குப் போய்த் திரும்பும் பையன்கள். பக்கத்து இருக்கைத் தம்பி மடியில் கோடாலித் தைலப் பையைக் கட்டிப் பிடித்தபடி, இன்னும் எவ்வளவு நேரம் என்று நாலு தடவை கேட்டான். மூன்று வருஷம் கழித்து வருகிறானாம்.

"நீங்க எத்தனை வருஷம் கழிச்சு வர்றீங்கம்மா?"

"எட்டு நாள்."

"எட்டு நாளா? அதுக்கா இவ்வளவு அசதி!"

நல்லவேளை, அவன் சிரித்தான். சக்கரம் தரையைத் தொட்டதும், உட்காரச் சொல்லும் அறிவிப்பைக் காதில் வாங்காமல் எழுந்து நின்ற முதல் ஆள் அவன்தான். எட்டு நாளாக வரிசை, ஒழுங்கு என்று பேசிவந்த எங்கள் கூட்டமும் அவன் பின்னாலேயே எழுந்தது.

பெட்டி சுற்றி வரும் பெல்ட் அருகே யாரும் யாரிடமும் ஒழுங்காக விடைபெறவில்லை. அவரவர் கண் அவரவர் பெட்டி மேல். வேனில் ஏறி, தஞ்சாவூரில் ஆறு பேர் இறங்கினார்கள். நாங்கள் கைகூட ஆட்டவில்லை. கும்பகோணத்தில் என்னை இறக்கிவிட்டபோது அக்கா ஜன்னலில் தலைசாய்த்து, வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பலாமா என்று ஒரு நிமிஷம் நின்றேன். டிரைவர் ஹாரனில் கை வைத்தார். பெட்டியை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டேன்.

மறுநாள் துணிகளைப் பிரித்தபோது அடியில் அக்காவின் எவர்சில்வர் டப்பா. மூடியில் அவர் மாமியார் பெயர் பொறித்திருந்தது. உள்ளே ஒரு கரண்டி இட்லிப் பொடி மிச்சம். அந்தப் பொடி அன்று காலையிலேயே தீர்ந்துவிட்டது. டப்பா மூன்று வாரமாகச் சமையலறை அலமாரியில் இருக்கிறது. மயிலாடுதுறை பக்கம்தான், பஸ் ஏறினால் ஒன்றேகால் மணி நேரம். வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பாள் என் அம்மா. என்ன போட்டுக் கொடுப்பது என்றுதான் இன்னும் முடிவாகவில்லை.