மவுத்தானவரின் விமானப் புள்ளிகள்

இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் ஆலை கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ நிஸ்ஸான் ஆலையும், 2012-இல் டைம்லர் லாரி ஆலையும் எழுந்தன. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தின் இத்தகைய ஆலைகளிலிருந்து பொறியாளர்கள் அலுவல் நிமித்தம் வெளிநாடு சென்று வருகின்றனர். பறக்குந்தோறும் விமானக் கம்பெனி அவர்கள் பெயரில் புள்ளிகளை வரவு வைக்கிறது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981-இல் பெரிய அளவில் தொடங்கிய வழக்கம் இது.

அத்தகைய ஒருவர் மவுத்தாகிவிட்டார் என்று கொள்வோம். மனைவியும் சிறுவனான ஒரே மகனும் தம்பியும் உள்ளனர், பெற்றோர் இல்லை. கைப்பேசியும் இரகசிய எண்ணும் தம்பியின் கையில். “அண்ணன் சேர்த்ததுதானே! கம்பெனிக்குத் தெரியுமுன் உம்ராவுக்கு டிக்கெட் எடுத்துவிடுவோம்” என்கிறார் அவர். இது கூடுமா?

எது பொருள் என்பதில் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. வீட்டில் குடியிருத்தல் போன்ற பயன்பாட்டை ஷாஃபிஈ இமாம்கள் பொருளாகவே கொள்வர். வாடகைக்கு எடுத்தவர் இறந்தால் எஞ்சிய காலத்து உரிமை வாரிசுகளைச் சேரும். ஹனஃபீ இமாம்களோ, அவ்வொப்பந்தம் மரணத்தோடு முடிவுறும் என்பர். புள்ளியோ வாடகை உரிமையினும் மெலிந்தது. நிபந்தனையோடு கூடிய ஒரு வாக்குறுதி. மரணத்தோடு புள்ளிகள் அழியுமென்பது சில கம்பெனிகளின் விதி. சில கம்பெனிகள் மரணச் சான்றிதழ் முதலியன கண்டு வாரிசுக்கு மாற்றித் தருகின்றன. அந்நிபந்தனைக்கு இசைந்தே அவர் உறுப்பினரானார். ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு சூரத்துல் மாயிதாவின் முதல் வசனமே கட்டளையிடுகின்றது.

ஆகவே கம்பெனியிடம் உண்மையைக் கூறிக் கேட்பதே வழி. மறுத்தால் விட்டுவிட வேண்டும். இசைந்தால் அது இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தோடு சேரும். அடக்கச் செலவு, கடன், மூன்றில் ஒன்றுக்கு மேற்படாத வஸிய்யத் ஆகியவை போக, மனைவிக்கு எட்டில் ஒன்று, எஞ்சியதெல்லாம் மகனுக்கு. மகனிருக்கத் தம்பிக்குப் பங்கில்லை. புள்ளிகளைப் பங்கிட இயலாவிடின், அவற்றின் மதிப்பைக் கணக்கிட்டு, பயன்படுத்துபவர் ஏனையோருக்கு ஈடு செய்யலாம்.

மறைத்து டிக்கெட் எடுப்பவர், இறந்தவர் உயிரோடிருப்பதாகக் கம்பெனியிடம் பொய்யுரைக்கிறார். கம்பெனி வாரிசுக்குத் தரக்கூடியதாயின், யத்தீமின் பங்கையும் உண்டவராகிறார். உம்ராவின் நிய்யத் இதைத் தூய்மையாக்காது.

உயிரோடிருப்போரே! கடனையும் அமானத்தையும் எழுதி வைப்பதுபோல் இக்கணக்குகளையும் எழுதி வையுங்கள். கம்பெனியின் விதியையும் இன்றே கேட்டறிந்து குடும்பத்தாரிடம் சொல்லுங்கள். உங்கள் ஜனாஸா எழுந்தபின் வீட்டில் சச்சரவு எழாதிருக்க அது உதவும்.