வட்டி வேண்டாம் என்றால் போதுமா?



வட்டி ஹராம் என்பதை அறியாதார் நம்மில் இல்லை. ஆனால் பாகான் டாலாமில் ஒரு சிறு வியாபாரி கடை வாடகைக்குப் பணமின்றி வட்டிக்காரரைத் தேடும்போது, பக்கத்துக் கடைக்காரராகிய நம் அலமாரியில் பணம் சும்மா கிடந்தால், அப்பாவத்தில் நமக்குப் பங்கில்லையா? கடன் கேட்டு வந்த ஒருவரை நாமும் ஒருமுறை “இப்போது கையில் இல்லை” என்று அனுப்பியதுண்டு. கையில் இருந்தது.

முன்பு இந்நாட்டு முஸ்லிம்கள் பலர் ஹஜ்ஜுக்குச் சேர்த்த பணத்தை, வட்டிக்கு அஞ்சி, வங்கியில் போடாமல் வீட்டிலேயே வைத்திருந்தார்கள். சிலர் நிலத்தையும் மாட்டையும் விற்றுப் பினாங்கில் கப்பல் ஏறினார்கள். திரும்பியபின் பிழைக்க வழியில்லை. இதைக் கண்டு உங்கு அப்துல் அஸீஸ் 1959-ல் ஒரு திட்டம் எழுதினார். 1963-ல் ஹஜ்ஜு சேமிப்புக் கழகம் தொடங்கியது. முதலில் சேர்ந்தோர் 1,281 பேர். போட்ட பணம் 46,600 வெள்ளி. தலைக்கு நாற்பது வெள்ளிகூட இல்லை! அப்பணம் வட்டிக்குப் போகாமல் தொழிலில் முதலாயிற்று. லாபம் சேமித்தவருக்குப் பங்காயிற்று. 1969-ல் பினாங்கின் ஹஜ்ஜு அலுவலகமும் அதனோடு இணைந்தது. இன்றைய தாபோங் ஹாஜி அதுவே. 1983-ல் பேங்க் இஸ்லாமும் பிறந்தது.

“நாமும் கூட்டுப் பிடித்து ஏமாந்தோமே” என்பீர்கள். உண்மைதான், கூட்டு நடத்தும் தொழிலை 1971-ல் சட்டமே தடுத்தது. ஆனால் சேர்ந்து சேமித்தது குற்றமன்று. அமானத்தும் கணக்கும் தவறியதே குற்றம். 2018-ல் தாபோங் ஹாஜியிலும் சொத்தைவிடப் பொறுப்பு மிகுந்து, அரசாங்கம் கைகொடுக்க நேர்ந்தது. நிறுவனம் பெரிதானாலும் கணக்கே காவல்.

ஆகவே சேமிப்பை வட்டியில்லாத இடத்தில் போடுவோம். சங்கம் யாரிடமும் வைப்புப் பணம் வாங்க வேண்டாம். ஆளுக்கு இயன்றதை நன்கொடையாக ஒதுக்கி, அதிலிருந்து கர்ளு ஹஸன் என்னும் அழகிய கடன் கொடுப்போம். எழுத்தும் சாட்சியும் இருக்கட்டும். அது மார்க்கம் சொன்ன முறையே. வாங்கியவர் தவணை தவறலாகாது. நொடித்துப் போனவருக்குத் தவணை நீட்டுவது நம் கடமை.

வட்டி வாங்காதிருப்பது நம்மைக் காக்கும். சகோதரனை வட்டிக்குப் போகவிடாதிருப்பதே நம் சமூகத்தைக் காக்கும். அடுத்த முறை ஒருவர் கடையேறி வந்து கேட்கும்போது, “கையில் இல்லை” என்ற சொல் நம் வாயில் வராதிருக்க அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.