பூச்சும் பொய்யும்

வீட்டு முற்றத்திலேயே மோட்டார் வண்டியின் துருவைச் சுரண்டி, ஒடுக்கெடுத்து, வண்ணம் பூசிக்கொள்வோர் நம்மிற் பலர். பட்டறைக் கூலி கொடுக்க இயலாதார்க்கு இது நல்லதொரு கைத்தொழிலே. ஆயின் அவ்வண்டி விலைக்குப் போகுங்கால் ஒரு வினா எழுகின்றது. வாய்திறந்து பொய் சொல்லாதவன், பூச்சினால் பொய் சொல்லியவனாவானா? 'மூடுவதெல்லாம் வஞ்சனை' என்பார் ஒரு சாரார். 'கேட்டாரில்லை, சொன்னோமில்லை, பார்த்து வாங்குவது அவர் பொறுப்பு' என்பார் மற்றொரு சாரார். இவ்விரண்டும் நமக்கு உடன்பாடல்ல.

தொழிலின் இயல்பை நோக்குவோம். மேற்றகட்டில் விழுந்த ஒடுக்கு வடிவக்கேடு மாத்திரமே. ஒருபுறம் இரும்புக் கட்டையை அணைத்து, மறுபுறம் சுத்தியலால் மெல்லத் தட்டி, எஞ்சிய பள்ளத்திற் பட்டியை மெல்லியதாய்த் தடவி, உலர்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்து மட்டமாக்கினால் தீர்ந்தது. கிழிந்த சட்டைக்கு இழையோட்டியது போன்றதே அது.

துருவோ அத்தகையதன்று. இரும்பு நீரோடும் காற்றிலுள்ள பிராணவாயுவோடும் கூடப் பிறப்பது அது. அலுமினியத்தின் மேற்படியும் படலம் அவ்வுலோகத்தைக் காக்கும். இரும்பின் துருவோ துளைமலிந்து, மேலும் ஈரம் புக வழிவிடும். தின்ற இரும்பினும் பருமனிற் பெருகி, வண்ணத்தைக் கொப்புளமாய்த் தூக்கும். நம் நாட்டு மழையும், கேரித் தீவு போன்ற கரையோரத் தோட்டங்களின் உப்புக் காற்றும், மூட்டையிலிருந்து வண்டியிற் சிந்தும் பொட்டாஷ் உரமும் அதற்கு நல்ல தீனி. ஆதலின் கொப்புளத்தைச் சுற்றி நல்லிரும்பு பளிச்சிடும்வரை கம்பித் தூரிகையாற் சுரண்டி, துருத் தடுக்கும் அடிப்பூச்சு இட்டபின்னரே வண்ணம் பூசவேண்டும். ஓட்டை விழுந்திருப்பின், அழுகிய தகட்டை வெட்டியெறிந்து புதுத்தகடு பற்றவைப்பதே முறை. ஓட்டையிற் செய்தித்தாளைத் திணித்து அதன்மேற் பட்டி அப்புவாரும் உளர்! பட்டி ஈரத்தை உறிஞ்சும் பொருள். பின்புறமிருந்து துரு தன் வேலையை இடையறாது நடத்தும்.

இன்றைய சிறுவண்டிகளிற் பெரும்பாலானவற்றிற்குத் தனிச் சட்டம் கிடையாது, உடற்றகடே சட்டம். கதவுகளின் கீழே நீளவாக்கில் ஓடும் உட்குடைவான பட்டையே பாரம் தாங்கும். இருக்கை வாரைப் பிணைக்கும் ஆணிகளும் அதனையொட்டிய தகடுகளைத்தாம் நம்பியிருக்கும். அங்கே பட்டியப்பி விற்றால், வாங்குவோன் பணத்தை மட்டுமா இழப்பான்? அவன் பெரும்பாலும் வேற்றாளுமல்லன். பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லப் பழைய வண்டி தேடும் பக்கத்து லயத்துத் தொழிலாளி. வள்ளுவர் வாய்மைக்கு இலக்கணம் கூறப் புகுந்தபோது தீங்கின்மையையே முதலில் வைத்தார். அவ்வளவுகோலால் அளந்தால், விற்றவன் நாவசையாதிருந்தும் அவன் பூச்சு பேசிவிட்டது. 'இங்கே இரும்பு உண்டு' என்று சொல்லிவிட்டது.

'உண்மை கூறின் விலை குறையுமே. நாமும் ஏழைகள்தாமே' எனலாம். குறையத்தான் செய்யும். அந்நட்டம் சிறிதென்றும் நாம் சொல்லவில்லை. ஆனால், கணக்கேடு எழுதிப் பழகிய நமக்கு ஒன்று விளங்குகின்றது: மறைத்த நட்டம் அழிந்துபோவதில்லை, நம்மினும் அறியாத ஒருவன் பற்றில் ஏறி நிற்கின்றது.

வாங்கச் செல்லும் அன்பர்கள் மெல்லிய துணி சுற்றிய காந்தமொன்றைக் கையிற் கொண்டு செல்க. இரும்புத் தகட்டின்மேற் பட்டி தடித்த இடத்தில் அது பற்றாது. கதவின் அடியிலும் சக்கரக் கூட்டின் விளிம்பிலும் வைத்துப் பார்க்க. விற்பவரே அக்காந்தத்தை எடுத்து நீட்டுவாராயின், விலையில் அவரை அதிகம் நெருக்காதிருத்தலும் முறையே.