எழுதப்படாத விடைத்தாள்

2020 ஆகஸ்ட் 13ஆம் திகதி, வியாழக்கிழமை. லுஹர் தொழுதுவிட்டு வந்து சாய்மனைக் கதிரையில் சாய்ந்திருந்தேன். லண்டனிலிருந்து தங்கை அழைத்தாள். அங்கு அப்போதுதான் காலை எட்டு மணி கடந்திருக்கும். ஸலாம் சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.

"காக்கா, புள்ள ஒரு பேப்பரும் எழுதல்லையே. எழுதாத சோதினையில எப்படிக் காக்கா குறைஞ்ச?"

முப்பத்தைந்து வருடங்கள் உயர்தர வகுப்புக்குக் கணிதம் படிப்பித்தவன் நான். பெறுபேறு வந்த காலையில் அழுகின்ற உம்மாமாரை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குச் சொல்வதற்கு என்னிடம் பழகிப்போன வார்த்தைகள் இருந்தன. தங்கையின் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை.

கொவிட் காரணமாக இங்கிலாந்தில் அந்த வருடத்துப் பரீட்சைகள் நடைபெறமாட்டா என்று 2020 மார்ச் 18ஆம் திகதி கல்வி அமைச்சர் கெவின் வில்லியம்சன் அறிவித்திருந்தார். பரீட்சைக்குப் பதிலாக ஆசிரியர்களிடம் இரண்டு விடயங்கள் கேட்கப்பட்டன. ஒன்று, பரீட்சை நடந்திருந்தால் இந்த மாணவர் என்ன தரம் பெற்றிருப்பார் என்ற மதிப்பீடு. மற்றையது, ஒவ்வொரு பாடத்திலும் மாணவர்களை முதலாமவரிலிருந்து கடைசியானவர் வரை வரிசைப்படுத்திய பட்டியல். ஒருவருக்கொருவர் சமம் என்று போட முடியாது. இந்தத் தகவல்களைப் பெறுபேறு வரும்வரை பெற்றோரிடம் சொல்லக்கூடாது என்றும் ஆசிரியர்களுக்குக் கட்டளை. ஆகவே தங்கையும் மச்சானும் ஐந்து மாதங்கள் எதற்காகக் காத்திருக்கிறோம் என்று தெரியாமலே காத்திருந்தார்கள். பரீட்சை எழுதிவிட்டு வருகின்ற பிள்ளையிடம், "எத்தனை கேள்வி செய்தாய்?" என்றாவது கேட்கலாம். அந்த வருடம் அதுகூட இல்லை.

மருமகள் கிழக்கு லண்டனில் ஓர் அரசாங்கப் பாடசாலையில் படித்தவள். மருந்தாளர் படிப்புக்குப் போவதென்று இருந்தாள். இரசாயனவியலில் பீ சித்தி தேவை. அவளுடைய ஆசிரியர் பீ என்றே கொடுத்திருந்தார் என்பது அன்று பாடசாலை சொல்லித் தெரிந்தது. கையில் கிடைத்த தாளில் சீ என்றிருந்தது. அன்று அவளைப் போல் பலர். ஆசிரியர் கொடுத்த உயர்தர மதிப்பீடுகளில் ஏறத்தாழ 40 வீதமானவை இங்கிலாந்தில் குறைக்கப்பட்டிருந்தன.

குறைத்தது ஓர் அல்கோரிதம். அதனை வகுத்த ஒஃப்குவால் என்ற பரீட்சைக் கண்காணிப்பு நிறுவனம் 300க்கும் மேற்பட்ட பக்கங்களில் விளக்கமும் வெளியிட்டிருந்தது. பழைய கணக்கு வாத்தியார் என்ற ஆசையில் அதனைத் தேடி வாசித்தேன். சுருக்கிச் சொன்னால், ஒரு பாடசாலையின் முன்னைய மூன்று வருடப் பெறுபேறுகளை எடுத்துக்கொள்வார்கள். இந்த வருடத்துப் பிள்ளைகள் முன்னர் பெற்றிருந்த பெறுபேறுகளைப் பார்த்து அதில் ஒரு சிறு திருத்தம் செய்வார்கள். இந்தப் பாடசாலைக்கு இத்தனை ஏ, இத்தனை பீ, இத்தனை சீ என்று இவ்வாறு ஒரு பங்கு தீர்மானமாகும். அதன்பின் ஆசிரியரின் வரிசையை மேலிருந்து கீழாக அந்தப் பங்கிற்குள் நிரப்புவார்கள். பதினைந்து பேருக்கு மேற்பட்ட வகுப்பென்றால் ஆசிரியர் போட்ட தரம் கணக்கிலேயே வராது. வரிசை மாத்திரம் வரும். ஐந்து பேரும் அதற்குக் குறைவும் என்றால் ஆசிரியரின் தரம் அப்படியே நிற்கும். சிறிய வகுப்புகள் எங்கே அதிகம்? கட்டணம் வாங்கும் தனியார் பாடசாலைகளில்தான். அங்கே ஏ, ஏ ஸ்டார் பெற்றோரின் பங்கு முந்திய வருடத்தைவிட 4.7 புள்ளிகளால் உயர்ந்தது. ஏனைய பாடசாலைகளில் அவ்வளவு உயரவில்லை. எவரும் திட்டமிட்டுச் செய்த வஞ்சனை இது என்று நான் சொல்லமாட்டேன். பணம் இருக்கும் இடத்துக்குக் கணக்கும் தானாகவே சாய்ந்துவிட்டது.

அந்தக் கணக்கை வகுத்தவர்கள் மூடர்களுமல்லர். ஆசிரியர்கள் தங்கள் பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே நம்புவார்கள் என்பது உலகறிந்த விடயம். தரங்கள் முந்திய வருடங்களை ஒத்திருக்க வேண்டும் என்பது அமைச்சரின் பணிப்பு. நாடு முழுவதையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் கணக்கு பெரிதாகப் பிசகவுமில்லை. ஒரு கூட்டத்தைப் பற்றிய உண்மை, அந்தக் கூட்டத்தில் நிற்கின்ற ஒருத்தியைப் பற்றிய உண்மையாகுமா என்பதுதான் கேள்வி. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். போன வருடம் ஆக்கிய பானையைப் பார்த்து இன்றைய சோறு வெந்ததா என்று சொல்வதற்கு நமது பெண்கள் எவரும் துணியமாட்டார்கள்.

தங்கையின் வீட்டில் அந்த நாட்கள் எப்படிக் கழிந்தன என்பதைச் சொல்ல வேண்டும். பெறுபேறு சரியில்லாதபோது நம் வீடுகளில் பேசுவதற்கென்றே ஒரு பேச்சு உண்டு. படிக்கவில்லை, எந்நேரமும் போனும் கையும், கூட்டாளிமார் சரியில்லை, ஒன்றும் சரிவராவிட்டால் கண்பட்டுவிட்டது. கேட்கக் கொடுமையாக இருந்தாலும் அந்தப் பேச்சுக்கு ஒரு பயன் உண்டு. துக்கத்தைப் பிடித்துக்கொள்ள ஒரு கைபிடி அது. அந்த ஆகஸ்டில் அந்தக் கைபிடி ஒன்றுகூட உதவவில்லை. முதல் நாள் தங்கை, எந்த ஆசிரியைக்கு உன்னைப் பிடிக்காது என்று மகளை விசாரித்தாள். இரண்டாம் நாள் வேறொன்றைப் பிடித்துக்கொண்டாள். வாடகை குறைவென்று இந்தப் பகுதியில் வீடெடுத்திருக்கக் கூடாது, எப்படியாவது கடன்பட்டு வேறு பகுதிக்குப் போய் நல்ல பாடசாலையில் சேர்த்திருக்க வேண்டும் என்றாள். மச்சான் கடைக்கும் போகாமல் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாராம். வழமையாக இப்படிப்பட்ட புலம்பலுக்கு, "உனக்கென்ன பைத்தியமா?" என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்தக் கணக்கின்படி அவள் சொன்னது சரி. அதே பிள்ளை, அதே மூளை, வேறொரு பாடசாலையின் பட்டியலில் இருந்திருந்தால் பீ கிடைத்திருக்கக்கூடும்.

எனது ஆட்சேபம் இரக்கத்திலிருந்து மாத்திரம் வந்ததல்ல. அதனை விளக்க ஒரு பழைய சங்கதியைச் சொல்ல வேண்டும். எனக்குப் பெருமை தருகின்ற சங்கதியல்ல.

1990களின் நடுப்பகுதி. அம்பாறை மாவட்டத்தில் எங்கள் ஊர்ப் பாடசாலையின் கணித வகுப்பில் ஒருவன் இருந்தான். வயல் வெட்டுக் காலத்தில் வகுப்புக்கு வரமாட்டான். வந்தாலும் கடைசி வாங்கில் தூங்குவான். தவணைப் பரீட்சையில் கடைசிக்கு முந்தியவன், சிலவேளை கடைசி. அவனுடைய வாப்பா ஒருநாள் என்னிடம் வந்து, கல்முனையில் ரியூஷனுக்கு அனுப்பலாமா, கொஞ்சம் நெல் விற்ற காசிருக்கிறது என்று கேட்டார். அந்தக் காசை வீணாக்காமல் வேறு ஏதாவது செய்யுங்கள் காக்கா என்று சொல்லி அனுப்பினேன். நல்லெண்ணத்தில்தான் சொன்னேன். எனது அனுபவமும் அதைத்தான் சொன்னது. அவனைப் போன்று பத்துப் பேரைப் பார்த்திருந்தேன். பத்துப் பேரும் தவறியிருந்தார்கள். அவர் என் பேச்சைக் கேட்கவில்லை. அவன் பேராதனைக்குப் பொறியியல் படிக்கப் போனான்.

நான் அன்று செய்ததும் அந்த அல்கோரிதம் செய்ததும் ஒன்றே. வித்தியாசம், என் தீர்ப்புக்கு மேலே ஒரு பரீட்சை இருந்தது. கொழும்பில் எங்கோ ஒரு மண்டபத்தில், அவனுடைய முகத்தையும் ஊரையும் வாப்பாவையும் அறியாத ஒருவர், சுட்டெண் மாத்திரம் போட்ட தாளைத் திருத்தினார். பரீட்சை அறிவை அளக்கிறது என்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. மனனம் செய்தவனுக்கும் ரியூஷன் காசுள்ளவனுக்கும் அது சாதகமானது என்று இதே போன்ற பக்கங்களில் எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள், நானும் உடன்படுகிறேன். ஆனால் அதற்கு ஒரு நற்குணம் உண்டு. தன்னைப் பற்றி எல்லோரும் அறிந்துவைத்திருப்பதைப் பொய்யாக்குவதற்கு ஒரு பிள்ளைக்கு மூன்று மணித்தியாலம் தருகிறது. 2020இல் பறிபோனது அந்த மூன்று மணித்தியாலம். பறிபோனதற்கு நோய் காரணம். அதற்காக எவரையும் நோவதற்கில்லை. அதற்குப் பதிலாக வந்த கணக்கில் எவரும் எவரையும் ஆச்சரியப்படுத்த முடியாது என்பதுதான் தவறு.

இவ்விடத்தில் வாசகர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொள்ளலாம். ஊரையும் இடத்தையும் பார்த்துப் பிள்ளையை நிறுப்பது நம் நாட்டில் இல்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நானே 1970களின் பிற்பகுதியில் மாவட்ட ஒதுக்கீட்டினால் பல்கலைக்கழகம் போனவன். என்னைவிடக் கூடிய புள்ளி எடுத்த யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் வெளியே நின்றார்கள். அவர்களில் ஒருவருக்காவது நான் கடன்பட்டிருக்கிறேன் என்ற எண்ணம் இன்றும் போகவில்லை. இருந்தாலும் மாவட்ட ஒதுக்கீடு என் விடைத்தாளை வாசித்தது. நீ எடுத்தது இவ்வளவு, உன் மாவட்டத்துக்கு இது போதும் என்றது. நீ எடுத்திருப்பது இவ்வளவாகத்தான் இருக்கும் என்று அது சொல்லவில்லை. அதற்கு முன்னர் 1970களின் தொடக்கத்தில் வந்த மொழிவாரித் தரப்படுத்தல் வேறு விடயம். தமிழ்மொழி மூலம் எழுதிய நம்மவர்களையும் அது சேர்த்தே பாதித்தது. அதற்கும் இங்கிலாந்தின் கணக்குக்கும் ஓர் உறவுமுறை உண்டு. இரண்டும் கூட்டத்தின் பங்கை முதலில் முடிவு செய்துவிட்டு, பின்னர்தான் ஆளைத் தேடின.

மீண்டும் 2020க்கு வருவோம். ஸ்கொட்லாந்து இங்கிலாந்தை முந்திக்கொண்டது. ஆகஸ்ட் 4ஆம் திகதி அங்கு வெளியான பெறுபேறுகளில் ஏறத்தாழ 124,000 தரங்கள் குறைக்கப்பட்டிருந்தன. வறிய பகுதிகளில் கூடுதலான வெட்டு. முதலமைச்சர் மன்னிப்புக் கேட்டார். 11ஆம் திகதி எல்லாம் மாற்றப்பட்டது. இங்கிலாந்தில் பிள்ளைகள் தெருவுக்கு இறங்கினார்கள். 17ஆம் திகதி, ஆசிரியர் கொடுத்ததோ கணக்குக் கொடுத்ததோ எது கூடவோ அதுவே தரம் என்று அறிவித்தார்கள். பின்னர் பிரதமர் பொரிஸ் ஜோன்சன் ஒரு பாடசாலைக்குப் போய், தவறு ஒரு பிறழ்ந்த அல்கோரிதத்தினுடையது என்ற கருத்தில் பேசினார். தானாக முளைத்த ஏதோ ஒன்றைப் போல. அதற்கு இலக்கு வைத்துக் கொடுத்தவர்கள் மனிதர்கள் என்பது அந்தப் பேச்சில் காணாமற் போனது.

மருமகளுக்கு பீ கிடைத்தது. இடமும் கிடைத்தது. தங்கை தொலைபேசியில் சிரித்தாள். நானும் மகிழ்ந்தேன். ஆனால் இரவு படுத்தபோது ஒரு நெருடல். புதிய ஏற்பாட்டில் கண்டிப்பான, நேர்மையான ஓர் ஆசிரியரிடம் படித்த பிள்ளையின் கதி என்ன? தாராளமாகத் தரம் போட்ட ஆசிரியரின் மாணவர்கள் மேலே போனார்கள். உள்ளதை உள்ளபடி போட்டவரின் மாணவர்கள் அவருடைய நேர்மைக்கு விலை கொடுத்தார்கள். அவர்களுக்காக எவரும் தெருவுக்கு இறங்கவில்லை, ஏனென்றால் அப்படி ஒன்று நடந்ததென்பது அவர்களுக்கே தெரியாது. 2019இல் பிரித்தானியாவில் நான்கில் ஒரு பங்காக இருந்த ஏ, ஏ ஸ்டார் தரங்கள் 2020இல் 38 வீதத்தைத் தாண்டின. மறுபடியும் பரீட்சை இரத்தான 2021இல் ஏறத்தாழ 45 வீதமாகின. 2023இல்தான் இங்கிலாந்து பழைய அளவுக்குக் கிட்டத் திரும்பியது. இடையில் அகப்பட்ட பிள்ளைகளின் சான்றிதழைப் பார்த்து, "ஓ, கொரோனா பாச்சா?" என்று கேட்பதற்கு எல்லா இடத்திலும் ஒருவர் இருப்பார்.

அதே 2020இல் நமது உயர்தரப் பரீட்சையை ஆகஸ்டிலிருந்து ஒக்டோபருக்குப் பின்போட்டார்கள், இரத்துச் செய்யவில்லை. இரண்டாவது அலை தொடங்கிய வாரங்களில், முகக்கவசம் கட்டிக்கொண்டு பிள்ளைகள் எழுதினார்கள். உயிரைவிடப் பரீட்சை பெரிதா என்று பெற்றோர் கோபப்பட்டார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. எந்தப் பக்கம் நிற்பதென்று எனக்கு அன்று தெரியவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை வினாத்தாளைக் கையில் சுருட்டிக்கொண்டு வந்து, "சேர், பன்னிரண்டாவது கணக்குப் பிழைச்சுப்போச்சு" என்று அழுதபோது, அந்த அழுகையாவது இவளுக்குச் சொந்தமானது என்று நினைத்தேன். அதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா? சொல்லவில்லை.

பேராதனைக்குப் போனவன் இப்போது கொழும்பில் பெரிய பதவியில் இருக்கிறான். பெருநாளைக்கு ஊருக்கு வந்தால் என்னைப் பார்க்காமல் போகமாட்டான். தன்னை உருவாக்கிய ஆசிரியர் என்று பிள்ளைகளுக்கு என்னைக் காட்டுவான். நான் அன்று சொன்னதை அவனுடைய வாப்பா, அல்லாஹ் அவரைப் பொருந்திக்கொள்வானாக, கடைசிவரை அவனிடம் சொல்லவில்லை என்பது அதிலிருந்து தெரியும்.

அவனுடைய மகள் கேம்பிரிஜ் பரீட்சைக்கு இருந்தவள். அதுவும் அந்த வருடம் உலகமெங்கும் இரத்தாகி, கொழும்புப் பிள்ளைகளுக்கும் இதே போலத் தரங்கள் குறைந்து வந்து, ஒரு வாரத்துக்குள் பாடசாலை கொடுத்த தரத்துக்குக் குறையாது என்று மாற்றப்பட்டது. அந்த ஆகஸ்ட் முடிவில் வந்திருந்தபோது அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே, "சேர், எங்கட பாச்சில சோதினை இல்லாமப் போயிருந்தா, நீங்க எனக்கு என்ன போட்டிருப்பீங்க?" என்று கேட்டான்.

"எஸ்கூடப் போட்டிருக்கமாட்டன்" என்றேன்.

நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்து, மகளைப் பார்த்துச் சத்தமாகச் சிரித்தான்.