ஏனாதிநாதர் காட்டிய ஆசிரிய தருமம்

சைவப் பாடசாலைகளிலே கற்பிக்கும் மெய்யன்பர்களே!

பொருளீட்டுந் தொழிலும், சுற்றஞ் சூழ்ந்த இல்வாழ்வும் சிவபத்திக்குத் தடையென்று எண்ணுவார் பலர். "உலகைத் துறந்தார்க்கே வீடு எளிது, மனைவி மக்களைக் காப்பாற்றும் நாம் என்செய்வோம்?" என்பது அவர் கூற்று. அது பொருந்தாதென்பதற்கு நாயன்மார் வரலாறே சான்றாம். 63 நாயன்மாருள்ளே குயவரும், வணிகரும், செக்காட்டுவாரும், சேனாதிபதியும் உளர். நம்மைப்போலக் கற்பித்துப் பெற்ற ஊதியத்தாற் சீவித்தவரும் ஒருவர் உளர். அவரே ஏனாதிநாத நாயனார்.

அவர் வரலாற்றை 12-ஆம் நூற்றாண்டிலே சேக்கிழார் சுவாமிகள் பெரியபுராணத்தில் விரித்தருளினார். 1848-இல் வண்ணார்பண்ணையிலே சைவப் பாடசாலை தாபித்த ஆறுமுகநாவலர், அப்புராணத்தை 1852-இல் வசனமாக்கி அச்சிட்டு உபகரித்தார். ஆதலின் இது நம் மாணாக்கர் கைக்கு எட்டிய பொருளேயாம்.

சோழநாட்டு எயினனூரிலே வாழ்ந்த ஏனாதிநாதருக்குத் தொழில், அரசர்க்கு வாள்வித்தை பயிற்றுதல். அதனால் வந்த பொருளை அவர் சிவனடியார்க்கே உதவினார். அவருடைய தாயத்தானாகிய அதிசூரனும் அத்தொழிலே செய்தான். நாயனாரிடம் மாணாக்கர் பெருக, தன் வருவாய் சுருங்குதல் கண்டு அழுக்காறு கொண்டான், தன் சுற்றத்தாரையும் வீரரையும் கூட்டிவந்து போருக்கு அறைகூவினான், தோற்றோடினான். அன்றிரவு உறங்காது சூழ்ச்சி தேர்ந்து, "இருதிறத்து வீரரும் மடியாதிருக்க, நாமிருவரும் தனித்துப் பொருவோம்" என்று சொல்லியனுப்பினான். நாயனார் அதற்கிசைந்து, சுற்றத்தார் ஒருவரும் அறியாவண்ணம் தனியே களஞ் சென்றார்.

முன்னொருபோதும் திருநீறு அணிந்தறியாத அதிசூரன், அன்று நெற்றி நிறையப் பூசிக் கேடகத்தால் மறைத்து வந்தான்; நாயனார் வெட்டப்புகுந்த பொழுதில் அதனை விலக்கினான். திருநீற்றைக் கண்ட நாயனார், "இவர் சிவனடியாராயினார், இவர் கருத்து நிறைவேறுக" என்று துணிந்து, வாளையும் கேடகத்தையும் விட்டுவிட எண்ணினார். உடனே, "ஆயுதமில்லாதவனைக் கொன்ற பழி இவரைச் சாருமே" என்று கருதி, அவற்றை விடாது, போர்செய்வார் போல நேர்நின்றார். பாதகன் தன் கருத்தை முடித்தான். சிவபெருமான் எழுந்தருளி நாயனாரைத் தம் திருவடியிற் சேர்த்தருளினார்.

"இஃது ஏமாந்தான் ஒருவன் கதையன்றோ?" எனச் சிலர் நகைப்பர். நாம் பயின்ற பிறசமயப் பாடசாலையிலும் அவ்வாறு நகைத்தார் இருந்தனர். வஞ்சித்த பழி வஞ்சித்தானையே சாரும். வணங்கிய பேறு வணங்கினாரையே சாரும். பொய்ந்நாணயம் உலவுதல் கண்டு பொன்னை வெறுப்பார் உண்டோ? வேடமிட்டு வஞ்சித்தல் எத்துணைப் பெரும்பாவமென்பதையும் இவ்வரலாறே நம் பிள்ளைகட்கு உணர்த்துமன்றோ?

இங்கே ஆசிரியர் சிந்திக்கத்தக்கது ஒன்றுண்டு. குலம் இருவர்க்கும் ஒன்று, தொழிலும் ஒன்று, கைவாளும் ஒன்று. ஒருவரை அவ்வித்தை அடியார்க்கு அன்னமிடச் செய்தது; மற்றவனை அது கொலைஞனாக்கியது. ஆகவே வித்தை தானே ஒருவரைத் திருத்தாது. நாம் கற்பிக்கும் எழுத்தும் எண்ணும் அத்தகையனவே. எழுதக் கற்றவன் ஏழையின் விண்ணப்பத்தையும் எழுதுவான், கள்ளவுறுதியையும் எழுதுவான். எதன்பொருட்டுக் கற்றானோ அதுவே அவன் கையை நடத்தும்.

இன்னும், அயற்பாடசாலையிற் பிள்ளைகள் பெருகுங்காலத்து நம்முள்ளத்தில் எழுவது யாது? அதிசூரனை எயினனூரிலே தேடவேண்டுவதில்லை. அவன் தோன்றுமிடம் மாணாக்கர் இடாப்பை ஒப்புநோக்கும் மனமேயாம். தன் குறையைத் திருத்தாது பிறர் நிறைவுக்கு வருந்துபவன், தன் வித்தையையே தனக்குப் பகையாக்குகின்றான்.

நாயனாரோ தம் சுற்றத்தார் மடியாதபடி தனியே சென்றார். தம்மைக் கொல்லவந்தவனுக்கும் பழிசேராது காத்தார். சுற்றத்தின்மேற் சென்ற அன்பு பகைவன்மேலும் படர்ந்தது. இவ்வன்பு பெருகுதற்கு இல்லறமும் தொழிலும் தடையாகா; அவையே அது முதலிற் பழகும் பள்ளிகளாம்.

புரட்டாசி உத்திராடம் நாயனார் குருபூசைத் திருநாள். அந்நாளிலே இவ்வரலாற்றை வகுப்பிற் சொல்லுங்கள். வாட்போரைச் சொல்லுமிடத்துச் சிறுவர் கண்கள் தாமே விரியும்; வாளை ஓங்காது நின்ற இடத்திலே சற்றே நிறுத்தி, "ஏன் நின்றார்?" என்று வினாவுங்கள். விடையை அவர்களே தேடட்டும்.

திருச்சிற்றம்பலம்.